சொல்லுக்குள் ஒரு மரம்

தகவல் தொடர்புப் பொறியாளராகக் கிளம்பிய புனே இளைஞர் அமெரிக்காவில் ஒரு மொழி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். கம்ப்யூட்டருக்குப் புது இலக்கணம் பிறந்தது. அது புனேக்குத் திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆயின. இன்று அப்படி ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர நினைப்பவர்கள் முன் இருக்கும் கேள்விகள் என்ன?

புனேயின் ஃபெர்குசன் கல்லூரி சாலையில் மாலை நேரத்தில் நின்று மாணவர்கள் பேசுவதைக் கேட்டால், ஆங்கிலம் கலக்காத மராத்தி வாக்கியம் காதில் விழுவது அபூர்வம். பெயர்ச்சொல் ஆங்கிலம், உருபு மராத்தி. வினை ஆங்கிலம், விகுதி மராத்தி. மொழி கெட்டுப்போய்விட்டது என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிற விஷயம். தமிழர்களுக்கு இது புதிதல்ல. சென்னையிலும் கோவையிலும் இதே புலம்பல்தான்.

இந்தக் கலப்பைக் கண்டு புலம்பாமல் அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர் ஒரு புனேக்காரர். 1982-ல் பிராக் நகரில் நடந்த சர்வதேசக் கணினி மொழியியல் மாநாட்டில் அவர் சமர்ப்பித்த கட்டுரையின் பொருள், மராத்தியும் ஆங்கிலமும் கலந்த வாக்கியங்கள். கலப்பு தாறுமாறாக நடப்பதில்லை, அதற்கும் விதி உண்டு என்பது அவர் வாதம். மராத்தியில் தொடங்கிய வாக்கியத்துக்குள் ஆங்கிலம் வரலாம். ஆனால் உருபு, துணைவினை, காலம் காட்டும் விகுதி போன்ற சின்னச் சொற்கள் இடம் மாறுவதில்லை. வாக்கியத்தின் எலும்புக்கூடு மராத்தியாகவே இருக்கும்.

தமிழில் சோதித்துப் பார்க்கலாம். ‘டேபிள் மேல புக்கை வெச்சேன்’ என்பது நாம் தினமும் சொல்வது. ‘மேஜை ஆன் புத்தகத்தை வெச்சேன்’ என்று யாரும் சொல்வதில்லை. யாரும் கற்றுக்கொடுக்காமலே ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். எப்படித் தெரிகிறது? அந்தக் கேள்விக்குப் பின்னால் போனவர்தான் அரவிந்த் கிருஷ்ண ஜோஷி. மனம் எப்படி மொழியைக் கையாள்கிறது, எந்திரம் எப்படிக் கையாள முடியும் என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாகவே வைத்துப் பார்த்தவர்.

பொறியாளர் வழி மாறிய கதை

ஜோஷி 1929 ஆகஸ்ட் 5-ம் தேதி புனேயில் பிறந்தார். புனே பல்கலைக்கழகம் 1949-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் பொறியியல் பட்டதாரிகளில் ஒருவராக வெளியே வந்தார். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தகவல் தொடர்புப் பொறியியல். அங்கிருந்து அமெரிக்கா. கேம்டன் நகரில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் பொறியாளர் வேலை. ஆற்றுக்கு அக்கரையில் ஃபிலடெல்ஃபியா. அங்கே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு. அதுவரை எல்லாம் அந்தக் கால இந்தியப் பொறியாளரின் வழக்கமான பாதைதான்.

பாதை மாறியது 1958-ல். அந்தப் பல்கலையின் மொழியியல் துறையில் ஜெலிக் ஹாரிஸ் என்ற பேராசிரியர் இருந்தார். நோம் சோம்ஸ்கியின் ஆசிரியர். ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்தால் எழுவாய் எது, பயனிலை எது, எந்தச் சொல் எதைத் தழுவி நிற்கிறது என்று கம்ப்யூட்டரே பகுத்துக் காட்ட வேண்டும் என்பது ஹாரிஸின் திட்டம். மொழியியல் ஆட்கள் மட்டும் இருந்தால் இது நடக்காது. பொறியாளர் வேண்டும். ஜோஷி உள்ளே போனார்.

அவர்களுக்குக் கிடைத்த எந்திரம் யூனிவாக். ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் 12 எழுத்து கொண்ட 1,000 இடங்கள் மட்டுமே இருந்தன. இன்றைய செல்போனில் ஒரு சின்னப் படத்தைக்கூட அதில் வைக்க முடியாது. அதற்குள் ஆங்கில இலக்கணத்தைத் திணித்தார்கள். 1959-க்குள் அது வாக்கியங்களைப் பகுக்கத் தொடங்கிவிட்டது. உலகில் வாக்கியத்தைப் பகுத்த முதல் நிரல்களில் அதுவும் ஒன்று.

பல ஆண்டுகள் கழித்து, 1990-களில், அதே முறைக்குத் திடீரென்று மவுசு வந்தது. பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து அந்த நிரலைப் புதிய கம்ப்யூட்டரில் மறுபடி உயிர்ப்பித்தார் ஜோஷி, சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து. அதைப் பற்றிய கட்டுரையின் தலைப்பில் அதைப் பண்டைக்காலப் பொருள் என்றே குறிப்பிட்டார். 

1960-ல் டாக்டர் பட்டம் வாங்கிய ஜோஷி அதே பல்கலையில் ஆசிரியரானார். வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தார்.

ஒட்டு மாங்கன்று

ஜோஷியின் பெயரை நிலைநிறுத்தியது 1975-ல் லியான் லெவி, மசாகோ தகஹாஷி ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட இலக்கண முறை. மரங்களை ஒட்டும் இலக்கணம் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

அதுவரை கம்ப்யூட்டர் இலக்கணம் என்றால் விதிகளின் பட்டியல். வாக்கியம் என்றால் எழுவாய்ப் பகுதியும் பயனிலைப் பகுதியும். எழுவாய்ப் பகுதி என்றால் பெயரும் அதன் அடையும் என்று மேலிருந்து கீழே உடைத்துக்கொண்டே போகும் விதிகள். சொற்கள் கடைசியில்தான் வந்து உட்காரும், காலி நாற்காலியில் உட்காரும் விருந்தாளி மாதிரி.

ஜோஷியின் வழியில் விதிப் பட்டியலே கிடையாது. அவரும் மாணவர்களும் அடுத்த ஆண்டுகளில் செதுக்கிய வடிவத்தில், ஒவ்வொரு சொல்லும் தனக்கென்று ஒரு குட்டி மரத்தோடு வருகிறது. ‘கொடுத்தாள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யார், எதை, யாருக்கு என்ற மூன்று கேள்விகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. அந்தச் சொல்லின் மரத்தில் மூன்று கிளைகள் காலியாகக் காத்திருக்கின்றன. ‘அம்மா’, ‘புத்தகத்தை’, ‘தம்பிக்கு’ என்ற சொற்கள் வந்து அமர்ந்தால் வாக்கியம் முடிந்தது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ‘வந்த’ என்று சொன்னால் ஒரு பெயருக்காகவும் ‘வந்து’ என்று சொன்னால் ஒரு வினைக்காகவும் மனம் காத்திருக்கிறது. அதைத்தான் பெயரெச்சம், வினையெச்சம் என்று நம் இலக்கணிகள் பெயரிட்டார்கள். எச்சம் என்றால் மிச்சம். சொல்லுக்குள் நிறைவேறாமல் நிற்கிற ஒன்று. ஜோஷி தமிழ் இலக்கணத்தைப் பார்த்து இதைச் செய்தார் என்பதல்ல. ஒரே உண்மையை இரண்டு மரபுகள் தனித்தனியாகத் தொட்டிருக்கின்றன.

இதோடு முடிந்திருந்தால் பெரிய விஷயமில்லை. அடுத்த படிதான் முக்கியம். ‘அம்மா தம்பிக்குப் புத்தகத்தைக் கொடுத்தாள்’ என்ற வாக்கியத்தின் நடுவே ‘நேற்று சாயங்காலம்’, ‘ஆபீசிலிருந்து வந்ததும்’, ‘கோபம் ஆறிய பிறகு’ என்று எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஜோஷி இதை மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுகிற மாதிரி செய்தார். மரத்தை நடுவில் வெட்டி, புதுத் துண்டை வைத்து, மேல் பாகத்தையும் கீழ்ப் பாகத்தையும் அதனோடு இணைத்துவிடுவது. ‘அம்மா’வுக்கும் ‘கொடுத்தாள்’ என்பதற்கும் நடுவே 20 சொற்கள் புகுந்தாலும் பெண்பால் விகுதி தவறாது. ஏனென்றால் இரண்டும் ஒரே குட்டி மரத்தில் பிறந்தவை. எவ்வளவு தூரம் பிரிந்தாலும் உறவு மாறாது.

இந்த இலக்கணத்தின் வலிமை கச்சிதமானது. பழைய விதிப் பட்டியல்களால் பிடிக்க முடியாத சில மொழி அமைப்புகளை இது பிடித்தது. அதே சமயம் கம்ப்யூட்டர் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் அளவுக்குக் கட்டற்றதாகவும் இல்லை. கே.விஜய்-சங்கர், டேவிட் வெயர் போன்ற மாணவர்கள் இதைக் கணித ரீதியாக நிறுவினார்கள். விலையும் இருந்தது. பழைய முறையில் வாக்கியத்தின் நீளம் இருமடங்கானால் வேலை அதிகபட்சம் 8 மடங்காகும். புதிய முறையில் 64 மடங்கு. நீளமான செய்தித்தாள் வாக்கியங்களுக்கு இது கட்டுப்படியாகாது.

அதற்கும் 1990-களில் வழி கண்டார்கள் ஜோஷியும் மாணவர் ஸ்ரீனிவாஸ் பெங்களூரும். ஒரு சொல்லுக்குப் பல குட்டி மரங்கள் இருக்கலாம். பக்கத்துச் சொற்களைப் பார்த்தே எந்த மரம் என்று புள்ளிவிவரத்தின் உதவியோடு ஊகித்துவிட்டால், பகுக்கும் வேலையில் பெரும்பகுதி முன்கூட்டியே முடிந்துவிடும். இலக்கணமும் புள்ளிவிவரமும் எதிரெதிர் முகாம்களாக முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் இது இரண்டுக்கும் நடுவே போட்ட பாலம். சொல்லளவில் சிக்கலை ஏற்றுக்கொள், ஒட்டுமொத்தத்தில் எளிமை கிடைக்கும் என்பதே தன் தத்துவம் என்று 2004-ல் அவரே ஒரு கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்.

தட்டு அடுக்கும் மூளையும்

எந்திரம் வாக்கியத்தைப் பகுக்கிறது, சரி. மனிதனும் அப்படித்தான் செய்கிறானா? இங்கேதான் ஜோஷியின் ஆய்வுக்கூடம் மற்ற கம்ப்யூட்டர் கூடங்களிலிருந்து விலகி நின்றது.

‘நான், ராமன் சீதை வந்ததைப் பார்த்ததாகச் சொன்னேன்.’ இந்த வாக்கியத்தில் மூன்று ஆட்கள், மூன்று வினைகள். கடைசியாக வந்த சீதைக்கு முதல் வினை. முதலில் வந்த ‘நான்’ கடைசி வினைக்காகக் காத்திருக்கிறது. எவர்சில்வர் தட்டு அடுக்கு மாதிரி: கடைசியாக வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். ஜெர்மன் மொழியும் இப்படித்தான். டச்சு மொழியில் நேர்மாறு. முதல் ஆளுக்கு முதல் வினை, இரண்டாம் ஆளுக்கு இரண்டாம் வினை என்று கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்.

எது எளிது? தட்டு அடுக்குதான் எளிது என்று பழைய கணினிக் கோட்பாடு சொல்லும். குறுக்குப் பின்னல் அதன் கணக்குக்கே அடங்காது. ஆனால் 1986-ல் மூன்று உளவியல், மொழியியல் ஆய்வாளர்கள் ஜெர்மானியர்களையும் டச்சுக்காரர்களையும் வைத்துச் சோதித்தபோது முடிவு தலைகீழாக வந்தது. வாக்கியம் ஆழமாக ஆக, டச்சுக் குறுக்குப் பின்னலையே மனிதர்கள் சுலபமாகப் புரிந்துகொண்டார்கள்.

ஜோஷி 1990-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விளக்கம் தந்தார். தன் இலக்கணத்துக்கு உரிய எந்திரத்தை, அதாவது தட்டு அடுக்குகளையே அடுக்கி வைக்கும் ஒரு கற்பனை எந்திரத்தை, எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லையும் அது எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டார். குறுக்குப் பின்னலுக்குச் சுமை குறைவாக வந்தது. மனிதர்களிடம் கண்டதும் அதுதான். காகிதத்தில் எழுதிய ஓர் இலக்கணம் மூளையின் களைப்பைக் கணித்துச் சொன்னது.

மனத்தையும் எந்திரத்தையும் ஒரே கூரையின் கீழ் ஆராயும் நிறுவனம் ஒன்றையே பிறகு உருவாக்கினார். அறிதிறன் அறிவியல் ஆய்வுக் கழகம் என்ற அந்த அமைப்புக்கு 1990-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பல ஆண்டுகள் பணம் கொடுத்தது. அதை அவருடன் சேர்ந்து நடத்தியவர் உளவியல் பேராசிரியர் லைலா க்ளைட்மன்.

க்ளைட்மன் தன் மாணவி பார்பரா லாண்டாவுடன் செய்த ஓர் ஆய்வு, 1985-ல் புத்தகமாக வந்தது. பிறவியிலேயே பார்வையில்லாத மூன்று வயதுக் குழந்தை. ‘மேலே பார்’ என்றதும் அது தலையைத் தூக்கவில்லை, கையைத் தூக்கியது. கண்ணைக் கட்டிவிடப்பட்ட மற்ற குழந்தைகளோ முகத்தைத்தான் உயர்த்தினார்கள். ‘மேஜையைத் தொடு, ஆனால் பார்க்காதே’ என்றால் பார்வையில்லாத குழந்தை லேசாகத் தட்டும். ‘இப்போது பார்’ என்றால் இரண்டு கையாலும் தடவி ஆராயும். பார்ப்பது என்றால் ஆராய்ந்து அறிவது என்று, ஒருபோதும் பார்க்காத குழந்தை, வாக்கியங்களிலிருந்தும் தன் அனுபவத்திலிருந்தும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இன்றைய செயற்கை அறிவு பற்றிய விவாதத்தில் நடுநாயகமாக நிற்பது இதே கேள்விதான். வெறும் எழுத்தைப் படித்து வளர்ந்த எந்திரம் ‘பார்த்தேன்’ என்று எழுதும்போது அதற்கு என்ன தெரியும்? அந்தக் குழந்தைக்குக் கண் இல்லை. ஆனால் கை இருந்தது, அம்மா இருந்தாள். எந்திரத்துக்குக் கோடிக்கணக்கான பக்கங்கள் மட்டுமே.

கௌரவங்கள் வரிசையாக வந்தன. 1997-ல் சர்வதேசச் செயற்கை அறிவு மாநாட்டின் ஆராய்ச்சிப் பரிசு. 2002-ல் கணினி மொழியியல் சங்கம் முதல்முறையாக வழங்கிய வாழ்நாள் சாதனை விருது. 2003-ல் அறிதிறன் துறையின் பெரும் பரிசான ரூமல்ஹார்ட் பரிசு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை முதன்முதலாகப் பெற்றவர், 2024-ல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜெஃப்ரி ஹின்டன். 2005-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதக்கம். 2017 டிசம்பர் 31-ல் ஜோஷி காலமானார். க்ளைட்மன் 2021-ல் மறைந்தார். இன்று அந்தப் பல்கலையில் மனத்தைப் பற்றிய கூட்டு ஆய்வுகள் மைண்ட்கோர் என்ற மையத்தின் பெயரில் நடக்கின்றன.

ஆற்றின் இரண்டு கரைகள்

புனேயில் அப்போது ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது. அதுதான் வேடிக்கை.

ஜோஷி அமெரிக்காவில் மொழியியலாளர்களோடு உட்கார்ந்த அதே 1950-களில், எரவாடாவில் உள்ள டெக்கான் கல்லூரி இந்திய மொழியியலின் தலைநகராக இருந்தது. சம்ஸ்கிருதப் பேரகராதிப் பணி 1948-ல் அங்கே தொடங்கியது. எஸ்.எம்.கத்ரே தலைமையில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு, நாடெங்கிலுமிருந்து வந்த இளம் ஆசிரியர்களுக்கு நவீன மொழியியல் கற்றுக்கொடுத்தார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம், சிவாஜி நகரில், 1854-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரமும் ஒரு பாலமும்தான். ஒரு பக்கம் பாணினியின் ஏறக்குறைய 4,000 சூத்திரங்களைக் கரைத்துக் குடித்தவர்கள். மறுபக்கம் மின்சுற்று வரைபவர்கள். இரு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் ஓட்டிப் பார்க்க எந்திரம் இல்லை.

எந்திரம் வந்தது 1988-ல். அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர் தர இழுத்தடித்த நாட்களில், நாமே செய்வோம் என்று மத்திய அரசு சி-டாக் அமைப்பைத் தொடங்கியது. விஜய் பட்கர் தலைமை. இடம், புனே பல்கலைக்கழக வளாகம். பம்பாய் கவர்னரின் மழைக்கால மாளிகை இருந்த கணேஷ்கிண்ட். 1991-ல் பரம் 8000 தயாரானது. பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியானது சூப்பர் கம்ப்யூட்டர்தான்.

அதன் நிழலில், சத்தமில்லாமல், இரண்டு மொழி வேலைகள் நடந்தன. ஒன்று, கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருவாகிப் புனேக்கு வந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம். ஒரே விசைப்பலகையில் தமிழும் மராத்தியும் வங்காளமும் அடிக்க வழி செய்தது. இன்னொன்று மந்த்ரா என்ற மொழிபெயர்ப்பு எந்திரம். மத்திய அரசின் ஆங்கில அறிவிக்கைகளையும் நியமன ஆணைகளையும் இந்தியாக்குவது அதன் வேலை. அதற்குச் சி-டாக் குழு தேர்ந்தெடுத்த இலக்கணம் வேறெதுவுமல்ல: ஜோஷியின் மரங்கள். ஆங்கில வாக்கியத்தை மரமாக்கு, அதற்கு ஈடான இந்தி மரத்தை எடு, சொற்களை நிரப்பு. புனேயிலிருந்து போன பொறியாளரின் கண்டுபிடிப்பு, அவர் பட்டம் வாங்கிய பல்கலையின் வளாகத்துக்கே திரும்பி வந்தது.

அரசாங்க ஆணையின் நடை மாறவே மாறாது என்பதால் மந்த்ரா பிழைத்தது. ராஜ்யசபாவின் அலுவல் பட்டியல், அவையில் வைக்கப்படும் காகிதங்கள் வரை அதைக் கொண்டுபோனார்கள். 1999-ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கண்டுபிடிப்புத் தொகுப்பிலும் இடம் பெற்றது. பிறகு பல நிறுவனங்கள் சேர்ந்து செய்த அனுவாதக்ஷ் திட்டத்தில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் அதே மரங்கள் வந்தன. ஆனால் கதை, கட்டுரை, பேச்சு என்று சட்டத்துக்கு வெளியே போனதும் மரங்கள் திணறின. கையால் எழுதிய இலக்கணம் எவ்வளவு பெரிதானாலும் ஜனங்கள் பேசுவது அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

600 வாக்கியங்கள்

ஜோஷி மறைந்த அதே 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. இலக்கணம் யாரும் எழுதித் தர வேண்டாம். நிறைய எழுத்தைக் கொட்டினால் எந்திரமே கற்றுக்கொள்ளும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது ஊருக்கே அது தெரிந்துவிட்டது. இந்தியாவிலும் அதே ஆண்டு பாஷிணி திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு மாதிரியை 2023-ல் வெளியிட்டது.

அப்படியானால் ஜோஷி படித்த இலக்கணம் இனித் தேவையில்லையா? இன்று புனேயில் கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர், ஹிஞ்சவாடி ஐ.டி. பூங்காவில் வேலையா, ஆய்வுக்கூடமா என்று யோசிக்கும்போது எதிர்ப்படும் கேள்வி இதுதான்.

பதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு குழந்தை 13 வயதுக்குள் கேட்கும் சொற்கள் பத்துக் கோடியைத் தாண்டாது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. எந்திரமோ அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு விழுங்கிவிட்டுத்தான் பேசுகிறது. பத்துக் கோடி சொற்களுக்குள் எந்திரத்துக்கு மொழி கற்றுக்கொடுக்க முடியுமா என்று 2023 முதல் ஒரு சர்வதேசப் போட்டியே நடக்கிறது. குழந்தை எதைத் தெரிந்துகொண்டு பிறக்கிறது என்ற க்ளைட்மனின் பழைய கேள்வி புது வேஷத்தில் வந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு இது ஆராய்ச்சிச் சுவை. எழுத்து குறைவாக உள்ள மொழிகளுக்கு இது பிழைப்பு.

ஒரு கணக்கைப் பார்த்தால் புரியும். ஜோஷியின் துறையைச் சேர்ந்த மிட்செல் மார்க்கஸ் குழு 1990-களில் ஆங்கில வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் பகுத்து ஒரு வங்கி தயாரித்தது. அதில் செய்தித்தாள் பகுதி மட்டும் சுமார் பத்து லட்சம் சொற்கள். ஆங்கிலத்தைப் பகுக்கும் எந்திரங்களெல்லாம் பல ஆண்டுகள் அதில்தான் பயின்றன. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இப்போது நடந்துவரும் அத்தகைய வங்கியில், தமிழுக்கு முதலில் சேர்ந்தவை 600 வாக்கியங்கள். அவற்றைத் தயாரித்த இடம் சென்னையோ மதுரையோ அல்ல; செக் நாட்டின் பிராக். மராத்திக்கும் அதே பிராக் பல்கலையின் கைங்கரியம்தான்: 466 வாக்கியங்கள். பிறகு யாழ்ப்பாணப் பல்கலையைச் சேர்ந்த சர்வேஸ்வரனும் இந்திய ஆய்வாளர்களும் தமிழுக்கு இன்னும் 534 வாக்கியங்கள் சேர்த்தார்கள். 2011 கணக்கெடுப்புப்படி மராத்தி பேசுவோர் 8.3 கோடி, தமிழ் பேசுவோர் 6.9 கோடி.

எந்திரம் சொல்லும் தமிழ் சரியா என்று சோதிக்க இந்த வங்கிகள்தான் உரைகல். ‘அம்மா சொன்னதைக் கேட்காத தம்பி’ என்றால் கேட்காதவர் யார் என்பதை எந்திரம் புரிந்துகொண்டதா, அல்லது தோராயமாகச் சரளமாகப் பேசுகிறதா? இதைத் தீர்ப்பவர் இலக்கணமும் அறிந்தவராக இருக்க வேண்டும், நிரலும் எழுதுபவராக இருக்க வேண்டும், மனிதர்களை வைத்துச் சோதனை நடத்தவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஆளுக்கு மூன்றும் வாய்ப்பது அபூர்வம். அதனால்தான் ஆய்வுக்கூடம் தேவைப்படுகிறது.

எங்கே சேர்வது?

1958-ல் ஜோஷிக்கு இந்தியாவில் இடமில்லை. இன்று அப்படிச் சொல்ல முடியாது. அலகாபாத் பல்கலைக்கழகம் 2002-ல் நடத்தை மற்றும் அறிதிறன் அறிவியல் மையத்தைத் தொடங்கியது. ஹைதராபாத் பல்கலையில் நரம்பியலையும் அறிதிறனையும் இணைத்து ஒரு மையம். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் மொழித் தொழில்நுட்ப மையம். காந்திநகர், கான்பூர் ஐ.ஐ.டி.களில் அறிதிறன் அறிவியல் படிப்புகள். புனேயில் 2006 முதல் ஐசர் நிறுவனம் இருக்கிறது; டெக்கான் கல்லூரியில் மொழியியல் இன்னும் கற்பிக்கப்படுகிறது. 2014-ல் சாவித்திரிபாய் புலே பெயரைப் பெற்ற புனே பல்கலையும் அருகிலேயே. மொழிக்கு ஓரிடம், மூளைக்கு ஓரிடம், எந்திரத்துக்கு ஓரிடம் என்று மூன்றும் ஒரே ஊரில் இருக்கின்றன.

சேர நினைப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு. முதலாவது பணம். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. முதல் நாளே இதைவிட அதிகம் தரும் கம்பெனிகள் உண்டு. முனைவர் பட்டம் முடிய ஐந்து ஆண்டுக்குக் குறையாது. இரண்டாவது, படித்த பட்டம் பாதிக்குத்தான் உதவும். கம்ப்யூட்டர் படித்தவர் வேற்றுமை உருபையும் சோதனை உளவியலையும் முதலிலிருந்து கற்க வேண்டும். தமிழோ மராத்தியோ படித்தவர் நிகழ்தகவையும் நிரலையும் பழக வேண்டும். முப்பது வயதில் முதல் வகுப்பு மாணவராக உட்காரக் கூச்சப்படுபவர்களுக்கு இது ஒத்துவராது.

மூன்றாவது, யாரிடம் சேர்வது என்பது எந்த நிறுவனம் என்பதைவிட முக்கியம். ஜோஷியிடம் படித்த காத்லீன் மெக்கியோன், ஜூலியா ஹிர்ஷ்பெர்க் போன்றவர்கள் பிறகு தாங்களே ஆய்வுக்கூடங்களின் தலைவர்களானார்கள். மொழியியலாளரும் உளவியலாளரும் தத்துவக்காரரும் ஒரே அறையில் சண்டை போடும் இடத்தில் அவர்கள் வளர்ந்தார்கள். துறைக்குத் துறை பூட்டுப் போட்ட நம் பல்கலைகளில் அந்தச் சண்டைக்கு இடம் ஒதுக்குவதே பெரிய சீர்திருத்தமாக இருக்கும்.

தமிழ் முதுகலை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கும் மாணவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. வாக்கியத்தைப் பார்த்ததும் இது பெயரெச்சம், இது இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று சொல்லத் தெரிந்தவர்களுக்குச் செயற்கை அறிவு ஆய்வில் வேலை இருக்கிறது, அதுவும் அவசர வேலை. வாக்கியங்களைப் பகுத்து வங்கியில் போட சூப்பர் கம்ப்யூட்டர் தேவையில்லை. இலக்கணம் தெரிந்த ஒருவரும் நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் தினமும் சில மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

புனேயில் அப்படி உட்கார வேண்டிய இருவருக்கும் நடுவே 1950-களில் ஓர் ஆறு இருந்தது. பாலம் அப்போதும் இருந்தது. கடந்து போகத்தான் ஆள் இல்லை.